நுவரெலியாவைச் சைக்கிளிலும் படகிலும் சுற்றிப் பார்க்க முடியுமா?

நெதர்லாந்தில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஆம்ஸ்டர்டாமில் ஒரு வழிகாட்டியோடு பாதி நாள் சைக்கிளிலும் பாதி நாள் படகிலும் ஊர் சுற்றினோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வரும் பெப்ரவரியில் மலையகம் வருகிறோம். கண்டியிலோ நுவரெலியாவிலோ அதுபோல ஒரு நாள் போக முடியுமா? மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. கூட வரும் அம்மாவுக்கு 67, முழங்கால் வலி உண்டு."

முடியும். நுவரெலியாவில் போங்கள், கண்டியில் வேண்டாம். நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பதினைந்து வருடமாக இந்த மலையில் வழிகாட்டி வேலை செய்கிறேன், அதில் பாதிக்கு மேல் சைக்கிளில் வருகிறவர்களோடு. அந்தப் பழக்கத்தை வைத்துக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்டி. அங்கேயும் வாவி இருக்கிறது, படகும் இருக்கிறது. ஆனால் வாவியைச் சுற்றியுள்ள வீதியில் காலை ஏழு மணிக்கே பஸ்ஸும் பள்ளிக்கூட வேனும் நெருக்கியடிக்கும். பத்து வயதுப் பிள்ளையை அந்த நெரிசலில் சைக்கிள் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்டியை நடந்து பாருங்கள். வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, மர நிழலும் உண்டு. அந்த வாவியை 1807-இல் கட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவர் நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. வயல் நிலத்துக்குக் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினார். கரையோரம் மேகத்தின் விளிம்பு போல வளைந்து வளைந்து ஒரு சுவர் போகும், பாருங்கள். அது பாதியில் நின்றுவிட்டது. 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832-இல் அங்கேயே இறந்தார். அந்தச் சுவரைக் காட்டி இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்கும் போய் வாருங்கள். கண்டிக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

இன்னொன்று, நெதர்லாந்திலிருந்து வருவதால் சொல்கிறேன். ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை ஒன்றரை நூற்றாண்டு ஆண்டார்கள், ஆனால் மலைநாடு அவர்கள் கைக்கு வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் போலவே தட்டையான ஊர், கால்வாய், ஓரத்தில் சைக்கிள் என்று பார்க்க ஆசையென்றால் அது நீர்கொழும்பில் கிடைக்கும். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் வரும்போதோ போகும்போதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். மலையில் கிடைப்பது வேறு அனுபவம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் டவுன் இருக்கும் இடம் மட்டும் தட்டை. சுற்றிலும் மலை, நடுவில் தாம்பாளம் போல ஒரு சமவெளி, அதன் ஒரு பக்கத்தில் வாவி. அதனால்தான் இங்கே சைக்கிள் ஓட்ட முடிகிறது. மலையகத்தில் இப்படி அமைந்த ஊர் குறைவு. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைத்தெருவுக்குப் போய் வருவதற்கே ஏறி இறங்க வேண்டும்.

தட்டை என்று நினைத்து முதல் நாளே வேகமாக மிதிக்க வேண்டாம். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சின்ன ஏற்றத்திலும் மூச்சு வாங்கும், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கொழும்பிலிருந்து நேராக வந்து இறங்கிய அன்றைக்கே சைக்கிள் எடுக்காமல் ஓர் இரவு தூங்கி எழுந்து எடுங்கள். பிள்ளைகளுக்குக் கையுறை கொண்டு வாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் விடிகாலைப் புல்லில் உறைபனி விழும் நாட்கள் உண்டு, ஹாண்டிலைப் பிடிக்கும் விரல் விறைத்துப் போகும். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் வந்ததும் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளத் தோன்றும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். ஜனவரி முதல் மார்ச் வரை காலை வானம் தெளிந்திருக்கும். ஏப்ரல் வேண்டாம் என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் சொல்வேன். அது இங்கே வசந்த காலச் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நாடே இங்கே திரண்டு வரும், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் இடம் இருக்காது. ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை விடாமல் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் ஆனால் இடியும் மழையும்.

சரி, அந்த ஒரு நாளை எப்படிப் போடுவது? ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் முடிந்து கடைசியில் படகில் ஏற்றியிருப்பார்கள். இங்கே படகு நடுவில் வர வேண்டும். விடிகாலையில் வீதி வெறிச்சென்று இருக்கும், அது சைக்கிளுக்கான நேரம். ஒன்பது, பத்து மணிக்கு வாகனம் கூடும்போது வாவியில் மூடுபனி கலைந்திருக்கும், அது படகுக்கான நேரம். பிற்பகலில் காற்று எழுந்து மலையிலிருந்து மஞ்சு இறங்கிவிட்டால் படகிலிருந்து ஒன்றும் தெரியாது. படகுக்குப் பிறகு கால்கள் ஓய்ந்திருக்கும், அப்போது தேயிலை மலைப் பக்கம் போகலாம். அம்மாவும் காலையில் அவசரமாக எழ வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு ஒரு ஓட்டோவில் நேராக வாவிக்கு வந்தால் போதும். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்த ஓட்டோவே உங்கள் பின்னால் வரட்டும். மழை வந்தாலோ மகள் களைத்தாலோ அதுதான் துணை.

ஆறரை மணிக்குத் தபால் நிலையத்தில் தொடங்குங்கள். சிவப்புச் செங்கல், கூர்க்கூரை, உச்சியில் மணிக்கூடு, 1894-இல் கட்டிய கட்டடம். பெரும்பாலான குழுக்கள் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும், நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். இது இன்றைக்கும் கடிதம் வந்து போகும் தபால் நிலையம். 2023-இல் இதை ஹோட்டல் ஆக்கும் பேச்சு வந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் மாதிரி தோட்டக் குடும்பங்களுக்குக் கடிதம் சும்மா வந்து போன ஒன்றல்ல. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அக்கரையும் இக்கரையுமாகப் பிரிந்தார்கள். நீலகிரிக்குப் போன என் பெரியம்மாவின் கடிதத்துக்காக ஆத்தா மாதக்கணக்கில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வரும்.

அங்கிருந்து கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீதியில் மெதுவாகப் போகலாம். ஊரின் நட்ட நடுவில் இவ்வளவு பெரிய புல்வெளி ஏன் என்று மகன் கேட்பான். 1840-களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே இந்த மலையில் உண்டாக்கப் பார்த்தார். மாடு, ஆடு, விதை, கலப்பை, வேலையாட்கள் என்று எல்லாம் கப்பலில் வந்தது. பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆல்பர்ட் ஏரிக்கு அந்தப் பெயரை வைத்தவரும் இவர்தான். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அதே ஆசையோடு கட்டினார்கள். கோல்ஃப் கழகம் 1889, ஹில் கிளப் 1876. அந்தக் கிளப் நீண்ட காலம் உள்நாட்டவர் எவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிராண்ட் ஹோட்டல் இருக்கும் இடத்தில் முன்பு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகை இருந்தது. இவற்றை வெளியே நின்று பார்த்தால் போதும், நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

விக்டோரியா பூங்காவில் செலவழியுங்கள். சைக்கிளை வாசலில் பூட்டி வைத்துவிட்டு டிக்கெட் எடுத்து உள்ளே நடக்க வேண்டும். முன்பு ஹக்கல பூங்காவின் ஆராய்ச்சி நிலமாக இருந்தது, 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக இந்தப் பெயர் வைத்தார்கள். பூக்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மரத்தடிப் புதரோரம் சத்தமில்லாமல் நின்று பாருங்கள். பெப்ரவரியில் அங்கே ஆறுமணிக்குருவி இருக்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் வைத்துக் கூவுவதால் வந்த பெயர் அது. பச்சை முதுகு, வாலடியில் செக்கச் சிவப்பு, சருகைக் கிளறிக்கொண்டு திரியும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து போகும் பறவை. காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அப்படித்தான். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் பறந்து இலங்கை மலைக்கு வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை! பறவை பார்ப்பவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதற்காகவே இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். உங்கள் மகளுக்குத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொண்டு வாருங்கள்.

பூங்காவிலிருந்து குதிரைப் பந்தயத் திடலைத் தாண்டினால் கிரகரி வாவி.

ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873-இல் உருவான வாவி இது. அதற்கு முன் இந்த இடம் சதுப்பு நிலம். பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கி வரும் தலகல ஓயாவுக்கு அணை போட்டு நீரைத் தேக்கினார்கள். பரப்பு 91 ஹெக்டேயருக்குச் சற்று மேல். 1913-இல் இதன் தண்ணீரைச் சுரங்கம் வழியாக, நானுஓயாப் பக்கம் பிளக்பூலில் உள்ள மின் நிலையத்துக்குத் திருப்பினார்கள். வாவியிலிருந்து வெளியேறும் நீர் நானுஓயாவாக ஓடி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகிக் கண்டியைச் சுற்றிக்கொண்டு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் குனிந்து ஒரு கை தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆம்ஸ்டர்டாமும் சதுப்பிலிருந்து எழுந்த ஊர்தான். அங்கே கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள், இங்கே அணை கட்டித் தேக்கினார்கள். பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு சட்டென்று பிடிபடும்.

வாவியை ஒட்டிப் பதுளை வீதி போகிறது. அதில் வாகனம் அதிகம், பிள்ளைகளை முன்னே விட வேண்டாம். மறுகரை வீதி அமைதியானது. வழிகாட்டி முன்னால், பிள்ளைகள் நடுவில், பெரியவர் ஒருவர் கடைசியில் என்று ஒற்றை வரிசையில் போனால் வாவியை ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். இந்த நாட்டில் வாகனம் இடப்பக்கம் போகும். வலப்பக்கத்தில் ஓட்டிப் பழகிய உங்கள் பிள்ளைகளுக்குச் சந்திக்குச் சந்தி இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கும். டச்சுப் பிள்ளைகள் சைக்கிளில் கெட்டிக்காரர்கள், ஆனால் அந்தப் பழக்கமே இங்கே திரும்பும்போது அவர்களைத் தவறான பக்கத்துக்குக் கொண்டு போகும். நான் பார்த்த தடுமாற்றங்களில் பாதி இதனால் வந்ததுதான்.

அப்புறம் படகு. வாவிப் பூங்காவுக்குள் போக நுழைவுக் கட்டணம் உண்டு, உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு. உள்ளே அன்னப் பறவை வடிவத்தில் மிதி படகு, மோட்டார் படகு, தண்ணீர் ஸ்கூட்டர் என்று பல இருக்கும். பிள்ளைகள் ஸ்கூட்டரைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஆறேழு பேர் உட்காரும் மோட்டார் படகை எடுத்து, ஓட்டுபவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வேகமாக ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவது அவர்கள் வழக்கம். "நடுவில் கொஞ்ச நேரம் இன்ஜினை நிறுத்துங்கள் அண்ணே" என்று முன்னதாகவே பேசிக்கொண்டால் செய்து தருவார்கள். உயிர்காப்பு அங்கி எல்லோரும் போட வேண்டும், பிள்ளைக்குப் பிள்ளை அளவில். பெரியவர்களின் அங்கியைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலே நழுவிவிடும். சரியான அளவு இல்லையென்றால் ஏறாதீர்கள். அம்மாவைப் படகின் நடுவில், முழங்கால் நீட்ட இடம் இருக்கும் இருக்கையில் உட்கார வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

இன்ஜின் நின்றதும் திரும்பிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வீதியில் அலைந்தாலும் பிடிபடாத ஊரின் உருவம் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். டவுனுக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது பிதுருதலாகல, 2,524 மீற்றர், இலங்கையின் மிக உயர்ந்த சிகரம். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள். அதற்குக் கீழே காடு, காட்டுக்குக் கீழே படிப்படியாக வெட்டிய மரக்கறித் தோட்டங்கள், லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. தள்ளித் தேயிலை. எல்லாவற்றுக்கும் அடியில், தட்டில் வைத்தது போலக் கோல்ஃப் மைதானமும் ஹோட்டல்களும். மேலே யார் உழைக்கிறார்கள், கீழே யார் ஓய்வெடுக்க வந்தார்கள் என்பது இந்த அடுக்கிலேயே இருக்கிறது. நல்ல வழிகாட்டி இங்கே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கேட்பார்: "இந்த மலையையெல்லாம் வெட்டித் திருத்தியது யார்?"

அந்தக் கேள்வி வராத சுற்றுலாவை நான் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். பல வருடங்களாக இங்கே ஓதப்படும் கதை ஆளுநர்கள், துரைமார், கிளப், பியர், ரோஜா என்று முடிந்துவிடும். அவை எல்லாம் உண்மைதான். அதே அளவு உண்மை, மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கள் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து இந்த மலைக்கு வந்தது. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். முதலில் கோப்பி. 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, வேலை செய்த கைகள் மாறவில்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் அந்தக் கைகளுக்கு உரியவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 2023-இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் மறுபடி நடந்தார்கள். நெதர்லாந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மலையைக் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள். பத்து வயது சின்ன வயதுதான், ஆனாலும் புரியும். என் மகளுக்கு அதே வயதில்தான் நான் சொன்னேன்.

படகிலிருந்து இறங்கி ஒரு தேத்தண்ணி. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்று மகனிடம் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் படித்தது கண்முன்னே வரும். தோட்டத்தில் பால் இல்லாத தேநீரைச் சாயத்தண்ணி என்போம். சிறிய கடைகளில் அப்படிக் கேட்டால் சிரித்த முகத்தோடு, பக்கத்தில் ஒரு துண்டுச் சர்க்கரை வைத்துத் தருவார்கள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தால் மத்தியானம் வரை தாங்கும்.

இதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, பீட்ரூ தோட்டத்துப் பக்கம். டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில், கந்தப்பளை போகும் திசை. ஏற்றம் கொஞ்சம் உண்டு, ஆனால் பிள்ளைகள் தள்ளாமலே மிதித்துவிடுவார்கள். 1885-இல் தொடங்கிய தோட்டம், தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவார்கள். எங்கள் பேச்சில் அது ஸ்டோர். பின்னால் மலைமுகட்டிலிருந்து லவர்ஸ் லீப் அருவி விழுவது தெரியும். இந்த வீதியில் போகும்போது இன்னொரு கதையும் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுன் வழியாகக் கந்தப்பளை, ராகலை வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. 1900-களின் தொடக்கத்தில் போட்ட பாதை, 1940-களில் மூடிவிட்டார்கள். அந்த ரயிலில் போய் வந்ததைப் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது தண்டவாளம் இல்லை.

தேயிலை மலையில் ஒரு வேண்டுகோள். கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கத் தோன்றும். முதலில் வணக்கம் சொல்லுங்கள், தமிழில் பேசுங்கள், பிறகு கேளுங்கள். பல தோட்டங்களில் ஒரு நாள் கூலி முழுதாகக் கிடைக்க 18, 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். நீங்கள் நிறுத்தி வைக்கும் பத்து நிமிடம் அவர்களின் எடையில் குறையும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போனால் அவர்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்கும், பேச்சு தானாக வரும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று உங்களையும் கேட்பார்கள். லயத்துக்குள் வழிகாட்டி கூட்டிப் போகிறேன் என்றால், அங்கே இருப்பவர்கள் அழைத்தார்களா என்று கேளுங்கள். அழைக்காமல் போகக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, படித்து வாழ்கிறது. அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேறு நல்ல வழி இருக்கிறது. கண்டியிலிருந்து வரும்போது கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு தோட்டத்துப் பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்புப் பறை முதல் கொழுந்துக் கூடை வரை அங்கே காட்டுவார்கள்.

இரண்டாவது வழி, சீதை அம்மன் கோயில். டவுனிலிருந்து பதுளை வீதியில் ஐந்து கிலோமீற்றர். ஹக்கல பூங்கா அதற்குச் சற்று அப்பால், 1861-இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய இடம். கோயிலை ஒட்டி ஓடை, ஓடைப் பாறையில் அனுமன் பாதம் என்று காட்டும் குழிகள், எதிரே அடர்ந்த காடு. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்து புதுப் பொலிவோடு இருக்கிறது. அம்மா கட்டாயம் போக ஆசைப்படுவார். ஆனால் இதைச் சைக்கிளில் போக நான் பெரியவர்களுக்கு மட்டுமே சொல்வேன். போகும்போது இறக்கம், வளைவு, எதிரே வெலிமடையிலிருந்து ஏறி வரும் மரக்கறி லொறிகள். வரும்போது முழுக்க ஏற்றம். மகனுக்கு ஆசையாக இருந்தால் வழிகாட்டியோடு இறங்கட்டும், திரும்பும்போது சைக்கிளைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மகளும் அம்மாவும் ஓட்டோவில்.

இந்த இறக்கத்தில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சில வருடத்துக்கு முன் ஒரு வாடகைக் கடையில் ஆறு சைக்கிள் எடுத்தோம். டவுனுக்குள் எல்லாம் நன்றாக ஓடின. இறக்கத்தில் ஒன்றின் பின் பிரேக் பிடிக்கவில்லை. பயந்துபோன பையன் முன் பிரேக்கை மட்டும் இறுக்க, சைக்கிள் கவிழ்ந்து வீதியோரக் கானுக்குள் விழுந்தான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரப்பர் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்ததை நான் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் உருட்டி, முன் பின் பிரேக்கைத் தனித்தனியாக அழுத்திப் பார்க்காமல் புறப்படுவதில்லை. நீங்களும் பாருங்கள். டயரில் காற்று, செயினில் எண்ணெய், சீட்டின் உயரம், தலைக்கவசத்தின் வார். டச்சுச் சைக்கிள்கள் பலவற்றில் மிதியைப் பின்னால் மிதித்தாலே பிரேக் பிடிக்கும், இங்கே கையால்தான். இறக்கத்தில் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டு அழுத்தச் சொல்லுங்கள். மழை பெய்து சக்கரம் நனைந்தால் ரப்பர் பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் ஆகும் என்று நினைத்து ஓட்ட வேண்டும். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. மகளுக்கு 24 அங்குலச் சக்கரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அன்று காலை கிடைக்காது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி, வாகனம் ஓட்டும் வழிகாட்டி என்று வகை உண்டு. உங்களுக்குப் பிரதேச வழிகாட்டியே போதும். தமிழில் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் நிறுவனங்கள் ஆங்கிலம் பேசுபவரையே அனுப்பிவிடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளில் படித்து, மொழி கற்று, இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் அம்மாவோடு தமிழில் பேசிக்கொண்டு வருவார்கள், அம்மா ஓட்டோவில் தனியாக உட்கார்ந்திருக்கத் தேவை இருக்காது. முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: படகுக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் விலையில் அடங்குமா, துணை வாகனம் உண்டா, மழை வந்தால் நேரத்தை மாற்றலாமா. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

மழையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பெப்ரவரியிலும் சில வருடம் எதிர்பாராமல் பெருமழை வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேசம் பிரதேசமாக வெளியிடும், புறப்படும் முதல் நாள் மாலை நுவரெலியா, கொத்மலை, வலப்பனை ஆகிய பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் றம்பொடை வழியாக வீதியில் ஏற வேண்டாம், ரயில் ஓடுகிறதா என்று விசாரித்து நானுஓயாவில் இறங்குங்கள், அங்கிருந்து டவுன் எட்டு கிலோமீற்றர்தான். ரயிலும் ஓடவில்லையென்றால் கண்டியிலேயே இன்னும் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.